ரோடு பைக்கில் கேரியர்: எடை எங்கே இறங்குகிறது?

கேள்வி: கோவை வடவள்ளியிலிருந்து சரவணம்பட்டியில் உள்ள அலுவலகத்துக்கு ரோடு பைக்கில், அதாவது மெல்லிய டயர் கொண்ட வேகச் சைக்கிளில், போய் வருகிறேன். போகவர முப்பது கிலோமீட்டருக்கு மேல். அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், 700 × 25 டயர், ரிம் பிரேக், பின் சக்கரத்தில் 24 ஸ்போக்ஸ். என் எடை 72 கிலோ. லேப்டாப், சாப்பாட்டு டப்பா, மாற்றுத் துணி, பூட்டு எல்லாம் சேர்த்து எட்டுக் கிலோ வரை முதுகில் சுமக்கிறேன். தோள்பட்டை வலி தாங்கவில்லை, சட்டையைப் பிழிய வேண்டியிருக்கிறது. கேரியர் மாட்டலாமா என்று கேட்டால் சைக்கிள் கடைக்காரர், "கிளாம்ப் போட்டு அஞ்சு நிமிஷத்துல மாட்டிடலாம்" என்கிறார். கூட ஓட்டும் நண்பர், "ரோடு பைக்குல கேரியரா, ஃபிரேம் ஒடஞ்சிரும்" என்கிறார். பின் அச்சுக்குப் பக்கத்தில் இரண்டு புறமும் மரையோடு ஒரு சிறு ஓட்டை இருக்கிறது. மேலே சீட்டுக்குக் கீழே அப்படி எதுவும் இல்லை. டிசம்பரில் மூன்று நாள் வால்பாறை போய்வரும் எண்ணமும் உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: மாட்டலாம். உங்கள் சைக்கிளுக்கு எட்டுக் கிலோ வரை, அதுவும் கீழே சொல்லும் முறையில் மாட்டினால். கடைக்காரர் சொல்லும் ஐந்து நிமிஷ கிளாம்ப் வேலை வேண்டாம். நண்பர் பயப்படுகிற மாதிரி ஃபிரேம் உடையவும் போவதில்லை. உங்கள் சைக்கிளில் முதலில் களைத்துப்போவது பின் சக்கரம்தான். அதைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

கேரியரில் வைக்கும் எடை நான்கு போல்ட்டுக்கும் சமமாகப் பிரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பிரியாது. அச்சுப் பக்கத்தில் இருக்கும் கீழ் இரண்டு போல்ட்டுகள்தான் கிட்டத்தட்ட முழு எடையையும் தாங்கும். மேலே சீட்டுப் பக்கம் போகும் இரண்டு கம்பிகளுக்கு வேலை ஒன்றுதான்: கேரியர் முன்னும் பின்னும் சாயாமல் பிடித்துக்கொள்வது. அதனால் கீழே மரை ஓட்டை இருந்து மேலே இல்லாவிட்டால் சமாளிக்கலாம். மேலே இருந்து கீழே இல்லாவிட்டால் அது வேறு வழக்கு. உங்களுக்கு முதல் நிலைமை, அந்த வகையில் நல்லது.

அந்த ஓட்டை 5 மி.மீ. போல்ட்டுக்கானது. ஃபிரேம் செய்த நிறுவனம் அதைக் கேரியருக்காக வைத்ததா, மட்கார்டுக்கு மட்டும் வைத்ததா என்பதைச் சைக்கிளோடு வந்த கையேட்டில் பாருங்கள். கேரியர் கூடாது என்று எழுதியிருந்தால் அந்த வார்த்தையை மதியுங்கள். பிறகு ஃபிரேமில் விரிசல் வந்தால் வாரண்டி பேச முடியாது. ஒன்றும் எழுதவில்லை என்றால் ஓட்டையைச் சுற்றியுள்ள உலோகத்தைப் பாருங்கள். 5 மி.மீ. கனமாவது இருந்து, சக்கரம் உட்காரும் அதே தகட்டோடு ஒரே துண்டாக இருந்தால் எட்டுக் கிலோவுக்குப் போதும். மெல்லிய தகட்டில் தனியாக ஒட்டவைத்த வளையம் போல இருந்தால் மட்கார்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். 2000-களில் வந்த பல அலுமினிய ரோடு பைக்குகளில், சீட்டிலிருந்து பின் அச்சுக்கு இறங்கும் இரண்டு மெல்லிய குழாய்கள் மட்டும் கார்பன். பெயிண்ட் அடித்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டுங்கள். அலுமினியம் கணீரென்று ஒலிக்கும், கார்பன் மந்தமாக, பிளாஸ்டிக்கைத் தட்டியது போல் கேட்கும். கார்பன் என்றால் அந்தக் குழாயில் எந்த கிளாம்பும் படக் கூடாது. குழாய் நீளவாக்கில் வரும் இழுப்பைத் தாங்கும்படி இழை வைத்துச் செய்யப்பட்டது அது. சுற்றி இறுக்கினால் உள்ளே நொறுங்கும், வெளியே ஒரு கோடுகூடத் தெரியாது.

கடைக்காரர் சொல்வது ரப்பர் உறையோடு வரும் பி கிளாம்ப். அதைக் கீழே போடுவதுதான் தவறு. அந்தக் குழாய் பெரும்பாலும் கீழே போகப் போக ஒல்லியாகிறது. எட்டுக் கிலோ பை குழிக்குக் குழி தட்டும்போது கிளாம்ப் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று இறங்கும். ஒரு மாதத்தில் கேரியர் பின்னால் சாய்ந்து டயரில் உரசும், அல்லது ஒரு பக்கம் மட்டும் இறங்கிப் பை ஸ்போக்ஸுக்குள் போகும். குழாய் அலுமினியம் என்றால் அதே கிளாம்பை மேலே போடுவதில் குறையில்லை, அங்கே எடை இறங்குவதில்லை.

மேல் பக்கத்துக்கு அதைவிடச் சுத்தமான வழி இருக்கிறது. சீட் போஸ்ட்டை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் இரண்டு 5 மி.மீ. மரை ஓட்டைகளோடு வரும் வளையத்தைப் போடலாம். கேரியரின் மேல் கம்பிகள் நேராக அதில் வந்து சேரும். வாங்கப் போகும் முன் உங்கள் வளையம் உட்காரும் இடத்தில் குழாயின் வெளி விட்டத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். 28.6, 31.8, 34.9 மி.மீ. என்று மூன்று அளவுகள் வழக்கத்தில் உண்டு. ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. கழற்றும் முன் சீட் போஸ்ட்டில் டேப் ஒட்டி உயரத்தைக் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய உயரத்தைத் தேடி ஒரு வாரம் முழங்கால் வலிக்கும்.

சீட் போஸ்ட்டை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் நீளும் கேரியர் ஒன்றும் கடைகளில் கிடைக்கிறது. மாட்டுவது சுலபம்தான், உங்களுக்கு வேண்டாம். எடை முழுவதும் ஒரே ஒரு பிடியில், நெம்புகோல் போலத் தொங்குகிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அது பக்கவாட்டில் கொஞ்சம் திரும்பும். கார்பன் சீட் போஸ்ட்டில் அதை மாட்டவே கூடாது.

கீழே மரை ஓட்டையே இல்லாத வாசகர்களுக்கும் ஒரு வரி: பின் சக்கரத்தின் அச்சிலேயே உட்காரும் கேரியர்களும் அதற்கான அடாப்டர்களும் உண்டு. எடை நேராக அச்சில் இறங்குவதால் ஃபிரேம் தப்பிக்கிறது. ஆனால் சக்கரத்தின் நடுவே நுழைந்து ஃபிரேமிலேயே திருகிக்கொள்ளும் 12 மி.மீ. அச்சு (த்ரூ ஆக்சில்) என்றால் அதன் நீளமும் மரை இடைவெளியும் சரியாக உங்கள் சைக்கிளுடையதாகவே இருக்க வேண்டும். 1, 1.5, 1.75 மி.மீ. என்று இடைவெளி மாறும். தவறானதைத் திணித்தால் ஃபிரேமின் மரை போய்விடும்.

இனி சக்கரம்.

நம் ஊரில் பால் கேனும் அரிசி மூட்டையும் ஏற்றிய பழைய கறுப்பு சைக்கிளை நினைத்துப் பாருங்கள். பின் சக்கரத்தில் 40 ஸ்போக்ஸ், முன்னால் 32. நாலு சென்டிமீட்டர் அகல டயர். கேரியரின் கால்கள் அச்சு நட்டிலேயே இறங்கும். மூட்டை தூக்குவதற்கென்றே பிறந்த வண்டி அது. உங்கள் சைக்கிளில் 24 ஸ்போக்ஸ், இரண்டரை சென்டிமீட்டர் டயர். அது ஒருவரை மட்டும் வேகமாகக் கொண்டுபோகச் செய்யப்பட்டது.

கணக்குப் பார்ப்போம். நீங்கள் 72, சைக்கிள் ஏறத்தாழ 10, ஆக 82 கிலோ. ரோடு பைக்கில் குனிந்து உட்கார்ந்தாலும் பாதிக்கு மேல் பின்னால்தான் விழும், சுமார் 47 கிலோ. கேரியரில் வைக்கும் எட்டுக் கிலோவும் முழுசாகப் பின் சக்கரத்துக்கே போகிறது. 47 என்பது 55 ஆகிறது. முதுகில் இருந்தபோது இதே எட்டுக் கிலோவில் ஒரு பங்கு முன்னால் போனது. அதோடு குழி வரும்போது உங்கள் முழங்கையும் முழங்காலும் வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன. கேரியரில் இருக்கும் பைக்கு முழங்கால் இல்லை.

சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒவ்வொரு ஸ்போக்ஸும் தரைக்கு நேரே வரும் நொடியில் கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகுகிறது. 700 × 25 டயரின் சுற்றளவு 2.1 மீட்டர். முப்பது கிலோமீட்டருக்கு 14,000 சுற்றுக்கு மேல், அதாவது ஒரு நாளில் ஒரு கம்பி 14,000 தடவை தளர்ந்து இறுகுகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் கடைசியில் ஒடிவது போலத்தான் இதுவும். ஒடிகிற இடமும் ஏறக்குறைய ஒன்றே: பின் சக்கரத்தில், ஹப்பின் ஓட்டைக்குள் நுழைந்து திரும்பும் அந்த முழங்கை வளைவு.

எடையைவிடத் தளர்வுதான் ஸ்போக்ஸைக் கொல்கிறது. நன்றாக இறுக்கிய 24 ஸ்போக்ஸ் சக்கரம் எட்டுக் கிலோவைத் தாங்கும், தளர்ந்த சக்கரம் உங்களை மட்டும் தாங்கவே திணறும். அதனால் கேரியர் வாங்கும் முன் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பின் சக்கரத்தைப் பெண்டு எடுக்கச் சொல்லுங்கள். கோட்டம் நிமிர்த்தினால் மட்டும் போதாது, எல்லாக் கம்பிகளின் இறுக்கமும் ஒரே அளவுக்கு வர வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். வீட்டிலேயே சோதிக்கலாம்: ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து அழுத்துங்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு ஜோடியாக வாருங்கள். செயின் பக்கக் கம்பிகள் இறுக்கமாகவும் இடப்பக்கம் அதைவிடத் தளர்வாகவும் இருப்பது பின் சக்கரத்தின் இயல்பு. ஆனால் ஒரே பக்கத்தில் ஒரு ஜோடி மட்டும் கொழகொழவென்று இருந்தால் அங்கே வேலை இருக்கிறது. கேரியர் மாட்டிய பிறகு 200 கி.மீ. ஓடியதும் இதையே மறுபடி பாருங்கள்.

எட்டுக் கிலோவைத் தாண்டுவீர்கள் என்றாலோ, ஒரு கம்பி ஒடிந்துவிட்டாலோ 32 ஸ்போக்ஸ் கோர்த்த பின் சக்கரத்துக்கு மாறுங்கள். 24-ல் ஒரு கம்பி போனால் ரிம் வளைந்து பிரேக் கட்டையில் உரசும், சில சமயம் சக்கரமே சுற்றாது. 32-ல் ஒன்று போனால் பிரேக்கைக் கொஞ்சம் அகலப்படுத்திவிட்டு வீடு வந்து சேரலாம். 20 ஸ்போக்ஸ் சக்கரமோ, கம்பிகள் ஜோடி ஜோடியாக இடைவெளி விட்டு நிற்கும் பந்தயச் சக்கரமோ இருப்பவர்கள் கேரியர் யோசனையை அப்படியே விட்டுவிடலாம்.

கேரியரின் மேல் 25 கிலோ என்று பொறித்திருக்கும். அது கேரியரின் கணக்கு. உங்கள் சக்கரத்துக்கும் மரை ஓட்டைக்கும் அந்த எண் தெரியாது. பின்னால் பிள்ளையை உட்கார வைக்கும் ஆசை வந்தால் கண்டிப்பாக வேண்டாம், இரண்டு தெரு தூரம்கூட.

டயர் 25-லிருந்து 28-க்கு மாறினால் பெரிய வித்தியாசம் தெரியும். உங்கள் பிரேக் இடம் கொடுக்குமா என்று பார்க்க ஒரு 6 மி.மீ. ஆலன் கீ போதும். டயருக்கும் பிரேக்கின் அடிப்பகுதிக்கும் நடுவில், பிறகு டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அதை நுழையுங்கள். தடையில்லாமல் போனால் 28 போட்ட பிறகும் மேலே 3 மி.மீ. மிஞ்சும். போகாவிட்டால் 25-லேயே இருங்கள், காற்றை மட்டும் கூட்டுங்கள். மொத்தம் 90 கிலோவுக்கு 28 டயரில் பின்னால் 90 பிஎஸ்ஐ, முன்னால் 70 என்று ஆரம்பிக்கலாம். 25 என்றால் பின்னால் 105, முன்னால் 85. டயரின் பக்கச் சுவரிலும் ரிம்மிலும் குறித்திருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறலாகப் பஞ்சர் வந்தால் ஆணி தேடாதீர்கள். காற்றுக் குறைவால் குழியின் விளிம்பில் டியூப் ரிம்மோடு நசுங்கியிருக்கிறது.

மாட்டும் முறைக்கு வருவோம். ஒரு ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் கீழ் ஓட்டையின் மரைக்குள் இருக்கும் பெயிண்டையும் மண்ணையும் எடுக்க வேண்டும். ஒரு துளி எண்ணெய் விட்டு 5 மி.மீ. போல்ட்டைக் கையால் திருகுங்கள். தொடங்கும்போது போல்ட்டை எதிர்ப்பக்கமாக மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் 'டக்' என்று உட்காரும், அங்கிருந்து முன்னோக்கித் திருகினால் மரை கோணலாகப் பிடிக்காது. அலுமினிய மரை ஒருமுறை போனால் போனதுதான். இரண்டு தடவை ஏற்றி இறக்கிய பிறகு எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.

போல்ட்டின் நீளம்தான் இந்த வேலையில் அதிகம் பேர் கோட்டைவிடும் இடம். வலது பக்கம் குனிந்து பாருங்கள். நீங்கள் திருகும் போல்ட்டின் நுனி ஃபிரேம் தகட்டைத் தாண்டி உட்பக்கம் எட்டிப் பார்க்கும். அதற்குச் சில மில்லிமீட்டர் தள்ளி, கடைசிச் சின்னப் பல்சக்கரமும் அதன் மேல் செயினும் ஓடுகின்றன. போல்ட் இரண்டு மில்லிமீட்டர் நீண்டால் செயின் சின்னப் பல்லுக்கு இறங்கும்போது அதில் இடிக்கும், வேகத்தில் மாட்டிக்கொண்டால் கியரையே பிய்த்துவிடும். இடப்பக்கம் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக அளந்து வாங்குங்கள்: கேரியர் காலின் கனம், வாஷர், ஃபிரேம் தகட்டின் கனம் மூன்றையும் கூட்டினால் வரும் நீளம். பெரும்பாலும் 12-லிருந்து 16 மி.மீ.க்குள் வரும். வலப்பக்கம் நுனி உட்புறத் தகட்டோடு சமமாக நிற்க வேண்டும், மரைக்குள் குறைந்தது ஆறு சுற்றாவது ஏறியிருக்க வேண்டும். மாட்டியதும் செயினைச் சின்னப் பல்லில் போட்டுப் பெடலைக் கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். 'டிக் டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் போல்ட்டைக் கழற்றி அரத்தால் தேய்த்துக் குறையுங்கள்.

நான்கு போல்ட்டையும் முதலில் தளர்வாகவே போடுங்கள். கேரியரின் தட்டு தரைக்குச் சமமாகவோ முன்பக்கம் ஒரு இழை தாழ்ந்தோ இருக்கட்டும், பின்பக்கம் சரிய வேண்டாம். டயருக்கும் தட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையட்டும். மேல் கம்பிகள் இயல்பாக வந்து சேராவிட்டால் இழுத்துப் பிடித்து போல்ட் போடாதீர்கள். அந்த இழுப்பு உள்ளேயே இருந்து, ஆறு மாதத்தில் ஒரு நாள் கம்பி வளைவில் விரியும். தட்டையான அலுமினியப் பட்டை என்றால் வைஸில் வைத்து ஒரே தடவையில் வளையுங்கள். வளைத்து நிமிர்த்தி மறுபடி வளைத்த பட்டையை நம்பக் கூடாது. கம்பிகள் பின் பிரேக்கின் கையையும் கேபிளையும் தொடாமல் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போகின்றனவா என்று பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். சில கேரியர்களில் மேலே நடுவில் ஒரே பட்டை வரும், அதைப் பிரேக் போல்ட்டில் கோர்க்கச் சொல்வார்கள். அதை ஏற்க வேண்டாம். பட்டையின் கனம் அளவுக்குப் பிரேக் போல்ட்டின் மரைப்பிடி குறைந்துபோகும்.

எல்லாம் சரியாக நின்றதும் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, போல்ட் தளராமல் பிடிக்கும் பசையான திரெட்லாக்கரில் நீல நிறத்தது ஒரு சொட்டு வைத்து, கீழ் இரண்டை முதலில், மேல் இரண்டைப் பிறகு இறுக்குங்கள். சிவப்பு திரெட்லாக்கர் வேண்டாம், கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 5 நியூட்டன் மீட்டர். இல்லையென்றால் 4 மி.மீ. ஆலன் கீயை நுனியில் பிடித்து மணிக்கட்டு பலத்தில் ஒரு அழுத்து, தோள் பலம் வேண்டாம். பிறகு கேரியரின் பின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆடினால் மேல் கம்பிகள் தேவைக்கு அதிகமாக நீண்டிருக்கின்றன. குட்டையானதாக மாற்றுங்கள்.

50 கி.மீ. ஓடியதும் நான்கையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள், பிறகு மாதம் ஒரு தடவை. காரணம் இருக்கிறது. இறுகிய போல்ட் கேரியர் காலை ஃபிரேமோடு அழுத்திப் பிடிக்கிறது, எடையை அந்த உராய்வு தாங்குகிறது. தளர்ந்துவிட்டால் கால் ஆடி ஆடிப் போல்ட்டையே வளைக்கும். தலைக்குக் கீழே முறிந்து, மிச்சத் துண்டு மரைக்குள் மாட்டிக்கொள்ளும். அதைத் துளைத்து எடுப்பது ஒரு நாள் வேலை. எட்டுக் கிலோவைத் தாங்கும் போல்ட் எடையால் ஒடிவது அரிது, தளர்வால் ஒடிவதுதான் வழக்கம். மழைக்காலத்துக்கு மட்கார்டும் அதே ஓட்டையில் வர வேண்டுமென்றால் ஃபிரேமை ஒட்டிக் கேரியர் கால், அதற்கு வெளியே மட்கார்டு கம்பி. எடை அதிகமானது எப்போதும் ஃபிரேமுக்கு நெருங்கி இருக்கட்டும். போல்ட் அந்த அளவுக்கு நீளமாக வேண்டும்.

அடுத்தது குதிகால். ரோடு பைக்கில் பெடல் கைகள் சுற்றும் நடு அச்சிலிருந்து பின் அச்சு வரை 41 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். நெடும்பயணச் சைக்கிள்களில் 44-லிருந்து 46. அந்த மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசத்தில்தான் உங்கள் குதிகால் பக்கப் பையில் இடிக்கப் போகிறது. பை வாங்கும் முன் அதன் அளவுக்கு ஒரு அட்டையை வெட்டிக் கேரியரில் கட்டி, நீங்கள் போடும் அதே ஷூவோடு பெடல் சுற்றிப் பாருங்கள். இடித்தால் பையைப் பின்னால் நகர்த்தலாம். ஆனால் எடை பின் அச்சைத் தாண்டப் போகப் போக முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் பார் அலைபாயும். அதைவிட, முன் சக்கரத்துக்கென்று விற்கும் 10, 12 லிட்டர் சின்னப் பைகளைப் பின்னால் மாட்டுவது ரோடு பைக்குக்குப் பொருத்தம். இரண்டாக வாங்கி நாலு நாலு கிலோவாகப் பிரியுங்கள். ஒரே பைதான் என்றால் இடப்பக்கம் மாட்டுங்கள், வலப்பக்கம் முந்திப் போகும் வண்டிகளின் கைப்பிடியில் சிக்காது. ஒரே பக்கம் நாலு கிலோவுக்கு மேல் வேண்டாம்.

கனமானது அடியில், கேரியரை ஒட்டி. லேப்டாப், பையின் அடிப்பாகத்தைத் தொடக் கூடாது, அடியில் இரண்டு சென்டிமீட்டர் ஃபோம் வைத்து நிமிர்ந்த வாக்கில் வையுங்கள். தட்டின் மேல் படுக்கப் போட்டு ரப்பர் கயிற்றில் கட்டாதீர்கள். பழைய டியூபைக் கிழித்துக் கட்டுவது நம் ஊர்ப் பழக்கம், கறுப்பு சைக்கிளுக்கு அது சரி. இங்கே ஒரு கொக்கி நழுவினால் கயிறு நேராகப் பல்சக்கரத்துக்குள் போய்ச் சக்கரத்தைப் பூட்டிவிடும். பைகளின் வார் நுனிகளையும் மடித்துச் செருகுங்கள். பின்விளக்கு சீட்டுக்குக் கீழே இருந்தால் பை அதை மறைக்கும், அதைக் கேரியரின் பின் நுனிக்கு மாற்றுங்கள்.

எட்டுக் கிலோ உண்மையிலேயே தினமும் வேண்டுமா என்றும் பாருங்கள். பூட்டு ஒன்றே ஒன்றரைக் கிலோ வரும், அதை அலுவலகத்து ஸ்டாண்டிலேயே விட்டுவிடலாம். சார்ஜர் இன்னொன்று வாங்கி மேஜையில் வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் பஸ்ஸில் போய் ஐந்து நாள் துணியையும் துண்டையும் வைத்துவிட்டு வாருங்கள். மிஞ்சுவது லேப்டாப்பும் சாப்பாடும், நாலு கிலோவுக்குள். 24 ஸ்போக்ஸ் சக்கரத்துக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

வால்பாறைக்குக் கேரியரைக் கழற்ற வேண்டாம். கழற்றிக் கழற்றி மாட்டினால் அலுமினிய மரைதான் தேயும். தங்குவது லாட்ஜில் என்றால் மூன்று நாளுக்கு ஆறு கிலோ தாராளம்: இரண்டு செட் துணி, ஒரு மழைச் சட்டை, மாலைக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், இரண்டு டியூப், பம்ப், உங்கள் சக்கரத்துக்கு அளவான இரண்டு ஸ்போக்ஸ். கார்பன் ஃபோர்க்கில் எதையும் கட்ட வேண்டாம், முன்னால் ஹேண்டில் பார் பையில் இரண்டு கிலோ வரை வைக்கலாம். பின்னால் பெரிய பல்சக்கரம் 28 பல் என்றால், உங்கள் கியர் இடம் கொடுக்குமா என்று கேட்டு 32-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆழியாறு தாண்டி ஏறும் அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் முழங்கால் அதற்கு நன்றி சொல்லும்.

ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வேண்டும். சீட்டை விட்டு எழுந்து சைக்கிளை ஆட்டி ஆட்டி மிதிப்பதை எடையோடு தவிருங்கள், பின்பக்கம் உங்களோடு வராமல் தனியாக ஆடும். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் கொதிக்கும், டியூப் வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன்பே நேர்ச் சாலையில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். முன், பின் பிரேக்கை மாற்றி மாற்றிப் பிடியுங்கள். நடுவில் இரண்டு, மூன்று இடத்தில் நின்று ரிம்மைத் தொடாமல் கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். கீழே ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட் வரும்போது எப்படியும் நிற்பீர்கள். வேகத்தில் ஹேண்டில் பார் தானாக நடுங்க ஆரம்பித்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். இரண்டு முழங்காலாலும் மேல் குழாயை அணைத்து, பிடியைத் தளர்த்தி, பின் பிரேக்கை மெல்லப் பிடித்தால் அடங்கிவிடும். நின்ற பிறகு பைகளைப் பாருங்கள். கனமானது மேலே ஏறியிருக்கும், அல்லது ஒரு பக்கக் கொக்கி நழுவியிருக்கும்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே இதே பைகளில் இதே எடையைப் போட்டு மருதமலை அடிவாரம் வரை ஒரு தடவை போய்வாருங்கள். திரும்பி வந்ததும் 4 மி.மீ. ஆலன் கீயை எடுத்து அந்தக் கீழ் இரண்டு போல்ட்டையும் சோதியுங்கள். தளர்ந்திருந்தால் இறுக்கிவிடுங்கள்.